டாமோடு கார்ட்டூன் முடிந்துவிட்டது என்கிற மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

டாம் அண்ட் ஜெர்ரிக்குப் பிறகு வந்ததெல்லாம் கார்ட்டூனே இல்லை என்று தீபாவளிக்கு சுங்கை சிப்புட் வந்தபோது சொன்னீர்கள். கூடம் நிறைய ஆட்கள், அதனால் அப்போது நான் பேசவில்லை. இப்போது எழுதுகிறேன்.

டாமை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1940-இல் ஹன்னாவும் பார்பராவும் தொடங்கிய அந்தப் படங்கள் ஏழு ஆஸ்கார் வாங்கின. டாம் மேடையில் பியானோ வாசிக்க, ஜெர்ரி உள்ளேயிருந்து ரகளை பண்ணுமே, அதை இன்றைக்குப் போட்டாலும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். வசனமே கிடையாது. ஸ்காட் பிராட்லியின் இசை டாம் பதுங்கினால் பதுங்கும், அவன் விழுந்தால் தானும் விழும். தோட்டத்து லயத்தில் ஆங்கிலம் தெரியாத தாத்தாவும் உங்களோடு சேர்ந்து சிரித்தார் என்பீர்களே, காரணம் இதுதான்.

ஆனால் பழசெல்லாம் அப்படி இல்லை, மாமா. டாம் படங்களைத் தயாரித்த எம்ஜிஎம் ஸ்டூடியோ 1957-இல் தன் கார்ட்டூன் பிரிவை மூடியதும் அதே இருவரும் டிவிக்குப் போனார்கள். டிவியில் பணம் குறைவு. உடம்பை அப்படியே நிறுத்திவிட்டுத் தலையையும் வாயையும் மட்டும் அசைத்தார்கள். அப்படி டிவிக்காக அவர்கள் செய்த யோகி கரடிக்குக் காலரும் டையும் எதற்கு? தலையை மட்டும் மாற்றி வரையும்போது ஒட்டு தெரியாமல் இருக்கத்தான்! யோகியை எனக்குப் பிடிக்கும். ஆனால் டாமின் ஓட்டத்தில் இருந்த உயிர் அதில் இல்லை. கையால் வரைந்தது என்பதற்காக ஒரு படம் உசத்தி ஆகாது, கம்ப்யூட்டரில் செய்தது என்பதற்காக மட்டமும் ஆகாது.

சரி, கம்ப்யூட்டரில் செய்த நம் மலேசியக் கார்ட்டூன் உப்பின் இப்பினுக்கு வருகிறேன். 2007 நோன்பு மாதத்தில் சின்னச் சின்னப் பகுதிகளாக ஆரம்பித்தது. அப்போது அசைவு விறைப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதில் பலகை வீடு இருக்கிறது, பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி ஓப்பா இருக்கிறார், சாப்பாட்டுக் கடை முத்து அங்கிள் இருக்கிறார், மாட்டோடு திரியும் அவர் மகன் ராஜூ இருக்கிறான். நம் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த ஊரை அங்கே பார்க்கிறார்கள். டாம் வீட்டில் நமக்குப் பழக்கமான பொருள் என்று என்ன இருந்தது?

எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. போபோய்பாய் என்ற இன்னொரு மலேசியக் கார்ட்டூனில் வரும் நம் தமிழ்ப் பையன் கோபால் பயந்தாங்கொள்ளி, சாப்பாட்டுப் பிரியன். பொருள்களைத் தின்பண்டமாக மாற்றும் சக்தி அவனுக்கு. அருமையான கற்பனைதான், பிள்ளைகளும் அவனை நேசிக்கிறார்கள். ஆனாலும் நம் பையன் என்றாலே சிரிக்க வைக்கத்தான் என்று ஆகிவிடக் கூடாது. மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படமான சாங் காஞ்சில் என்ற சருகுமான் கதையை 1978-இல் அரசாங்கத் திரைப்பட நிறுவனமான ஃபிலிம் நெகாராவில் செய்தவர் ஆனந்தம் சேவியர். அது டிவியில் வரவே 1983 ஆனது. அவர் ஆரம்பித்து வைத்த துறையில் செம்பனைத் தோட்டத்துப் பையன் ஒருவன் கதாநாயகனாக வரவேண்டும் என்று கேட்பது பேராசையா?

அடுத்த முறை வரும்போது ராஜூ வரும் ஒரு பகுதியைப் பிள்ளைகளோடு முழுசாகப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் எந்த இடம், ஏன் என்று அவர்களிடமே சொல்லுங்கள். டாம் விழும்போது நமக்கு ஏன் சிரிப்பு வருகிறது என்பதையும் சொல்லுங்கள். பெரியவன் இப்போது கணக்கு நோட்டின் ஓரத்திலெல்லாம் படம் வரைகிறான், அவனுக்கு இதெல்லாம் தேவைப்படும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்