ரயில் உலாக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், இந்தக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. உறுப்பினர் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லை. விலகியவர்களும் சேர்ந்தவர்களும் சரிக்குச் சரி. சந்தா பாக்கியைப் பற்றிப் பொருளாளர் பேசுவார், அந்தப் பொல்லாப்பு எனக்கு வேண்டாம். ரயிலில் போய் அன்றே திரும்பும் நம் வசந்தகாலப் பயணங்களும் கோடைப் பயணங்களும் நன்றாகவே நடந்தன. கோடையில் யார் திட்டம் போட்டாலும் பயணம் நடந்துவிடும். பொழுது நீளமாக இருப்பதால் நம் தப்புகள் வெளியே தெரிவதில்லை. ஆகவே இந்த அறிக்கையின் பெரும்பகுதி இலையுதிர்காலத்தின் கடைசி வாரங்களில் போன பயணங்களைப் பற்றியது. தப்பெல்லாம் அங்கேதான் நடந்தது. முதல் தப்பு என்னுடையது.

மலைக்கோட்டைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே நான் தனியாகப் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வந்தேன். மாலை ஐந்தரை மணிக்குக் கோட்டை வாசலில் நல்ல வெளிச்சம். அதை நம்பி, ‘ஐந்தரைக்கு வாசலில் கூடுவோம், அங்கிருந்து இறங்கி நிலையம் போவோம்’ என்று சுற்றறிக்கை அனுப்பினேன். கோடை நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைக்கும் அக்டோபரின் கடைசி ஞாயிறு இடையில் வந்து போனதை யோசிக்கவில்லை. கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்ததில் ஒரு மணி நேரம், அந்த இரண்டு வாரத்தில் பொழுதே சுருங்கியதில் ஏறத்தாழ அரை மணி. ஆக ஒன்றரை மணி நேர வெளிச்சம் காணாமல் போயிருந்தது. ஈர இலை ஒட்டிய கற்படிகளில், கைபேசி வெளிச்சத்தில், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். மூத்த உறுப்பினர் ஒருவர் படிகளை உரக்க எண்ணிக்கொண்டே வந்தார். “நூற்று நாற்பது, செயலாளரே!” என்றார் கீழே வந்ததும். நான் மறுத்துப் பேசவில்லை. ரயில் போய்விட்டிருந்தது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. காத்திருப்பு அறையோ பூட்டிக் கிடந்தது.

அன்றிரவு அந்த நடைமேடையில் நின்றபடி பேசி எடுத்த முடிவைத்தான் பிறகு செயற்குழு தீர்மானமாக நிறைவேற்றியது. இனி பின்பருவப் பயணங்களைப் புறப்படும் நேரத்திலிருந்து திட்டமிட மாட்டோம்; சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவோம். அந்த நேரத்தை முதலில் எழுதி, அதிலிருந்து ஒரு மணி கழித்துவிட வேண்டும். அப்போது எல்லோரும் நிலையத்துக்குத் திரும்பும் பாதையில் இருக்க வேண்டும். காலையில் போய்ச் சேரும் நேரம் முதல் அதுவரை நான்கு மணி நேரமாவது கிடைக்காவிட்டால் அந்த ஊர் வசந்தத்துக்குத் தள்ளிப்போகும். பேச்சுவார்த்தை கிடையாது.

வெளியூரில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் அங்கிருந்தும் இப்படிப் போய்வர வழி கேட்கிறார்கள். கணக்கு எங்கேயும் ஒன்றுதான், ஆனால் கையிருப்பு வேறு. நவம்பர் 20 வாக்கில் ரோமில் பகல் சுமார் ஒன்பதே முக்கால் மணி நேரம், லண்டனில் எட்டே முக்காலுக்குச் சற்றுக் குறைவு, ஸ்டாக்ஹோமில் ஏழேகால்தான். ஸ்டாக்ஹோமில் இரண்டு மணி நேரத் தொலைவில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தால், பகலில் பாதிக்கு மேல் இருக்கையிலேயே போய்விடும். அதற்கு ஒரே மாற்று, இருட்டை ரயிலுக்குள் செலவழிப்பது. விடியுமுன் ஏறி, விடியும்போது இறங்குவது. இருட்டிய பின் ஏறித் தூங்கிக்கொண்டே திரும்புவது. சீக்கிரம் எழ முடியாதவர்களின் ஆட்சேபணை நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது.

பாதையே பார்க்கத் தகுந்ததாக இருந்தால் மட்டும் இந்த விதி மாறும். அப்படிப்பட்ட தடத்தில் காலையில் வெளிச்சம் வந்த பிறகே ஏற வேண்டும். திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஜன்னலில் ஆறும் தெரியாது மலையும் தெரியாது, நம் முகம்தான் தெரியும். உட்காரும் பக்கமும் முக்கியம். பூமியின் வடபாதியில் இந்தப் பருவத்துச் சூரியன் நண்பகலில்கூடத் தெற்கே தாழ்ந்தே நிற்கும். ஐம்பதாவது அட்சரேகையில் நவம்பர் 20 வாக்கில் அடிவானத்திலிருந்து இருபது பாகைதான். கிழக்கே போகும் ரயிலில் வலப்பக்கம் உட்கார்ந்தால் கண் கூசும். இடப்பக்கம் உட்கார்ந்தால் வெயில் விழுந்த காட்சி கிடைக்கும். இதைச் சொன்ன பிறகு இடப்பக்கத்துக்கு நடந்த தள்ளுமுள்ளைப் பற்றி எழுத வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார்.

அடுத்து, தாமதங்கள். ஆற்றங்கரைப் பயணத்தில் இணைப்பு ரயிலைத் தவறவிட்டோம். மாறுவதற்கு ஆறு நிமிடம் விட்டிருந்தோம், வண்டி ஒன்பது நிமிடம் தாமதம். “இலை விழுந்ததாம், ரயில் நின்றதாம்” என்று பலர் சிரித்தார்கள். சிரிக்கிற விஷயமில்லை. ஈர இலைகள் சக்கரத்தடியில் நசுங்கித் தண்டவாளத்தின்மேல் கறுப்பாக, கெட்டியாக ஒரு படலம் படிகிறது, சக்கரம் வழுக்குகிறது. ஓட்டுநர் வெகு முன்பே பிரேக் பிடிக்க வேண்டும், மெதுவாகத்தான் வேகமெடுக்க முடியும். ஒவ்வொரு நிலையத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் கழன்றுகொண்டே போகும். அந்தப் படலம் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே மின்சாரம் பாயாமல் தடுத்துவிட்டால், அங்கே ரயில் நிற்பதே சிக்னலுக்குத் தெரியாமல் போகலாம். பிரிட்டனில் இதற்கென்றே தனி வண்டிகள் ஓடுகின்றன: உயர் அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சிப் படலத்தைக் கழுவி, மணல் கலந்த பசையைத் தடவிக்கொண்டு போகும். ஆகவே இனி மாறுவதற்குக் குறைந்தது 15 நிமிடம், ஒரு பயணத்தில் ஒரே ஒரு மாற்றம். கடைசி ரயிலை நம்பித் திட்டம் போடுவதும் இல்லை. அதற்கு முந்தையதுதான் நம் ரயில்.

பனிமூட்டத்தால் ஒரு பயணத்தைக் கைவிடப் பார்த்தோம். நல்லவேளை, வானிலை விவரம் தெரிந்த உறுப்பினர் ஒருவர் தடுத்தார். காற்றில்லாத நீண்ட இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்குவதால் மூட்டமும் அங்கேயே கிடக்கும்; மேலே போனால் வெயில் இருக்கலாம் என்றார். அப்படியே நடந்தது. மலைப்பாதையில் மூன்றாவது நிலையம் தாண்டியதும் ஜன்னல் சட்டென்று வெளுத்தது. கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பால் ஊற்றி வைத்ததுபோல. பெட்டியில் யாரும் பேசவில்லை, நம் குழுவில் இது அபூர்வம். இலையெல்லாம் கொட்டிவிட்டதே என்று அலுத்துக்கொண்டவர்களும் அன்று சமாதானமானார்கள். கோடையில் மரங்கள் மறைத்து வைத்திருந்த பாலமும் ஆற்றின் வளைவும் மொட்டைக் கிளைகளுக்கு நடுவே பளிச்சென்று தெரிந்தன. என்னைக் கேட்டால், வண்ண இலைக்குப் போகும் கூட்டத்தைவிட அது உதிர்ந்த பிறகு போகும் நாம்தான் அதிகம் பார்க்கிறோம்.

ஐரோப்பாவில் டிசம்பரின் இரண்டாவது சனிக்கிழமை நள்ளிரவில் புதிய கால அட்டவணை நடைமுறைக்கு வருகிறது. நவம்பரில் குறித்து வைத்த நேரத்தோடு அங்கே டிசம்பரில் நிலையத்துக்குப் போய் நிற்க வேண்டாம்.

உறுப்பினர் சந்திப்பில், சுற்றுலா ஏற்பாட்டில் முன்னோடியான ஆங்கிலேயர் தாமஸ் குக் 1841 ஜூலை 5 அன்று சுமார் 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்கு ரயிலில் அழைத்துப் போய் அன்றே திரும்பியதைப் பற்றி ஓர் உரை நடந்தது. கேள்வி நேரத்தில் எழுந்த ஒரே கருத்து: “மனுஷன் ஜூலையில் போயிருக்கிறார், விவரமானவர்.” யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பது எனக்குத் தெரியும்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து தனியே இணைக்கப்பட்டுள்ளது. குழுச் செலவில் நான்கு கைவிளக்குகள் வாங்கினோம். மூன்று என்னிடம் இருக்கின்றன. நான்காவதை வைத்திருப்பவர் அடுத்த பயணத்துக்கு முன் திருப்பித் தந்துவிடவும்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்