பழைய லேப்டாப்புக்குக் கெர்னலை மாற்றிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பழைய கணினிகளைத் தூக்கிப் போடுகிறவர்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என்னிடம் 2003-இல் வந்த பென்டியம் எம் லேப்டாப் ஒன்று இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளம் போட்டால், இந்த பிராசஸரில் பிஏஇ வசதி இல்லை, பொருத்தமான கெர்னலை (வன்பொருளோடு நேரடியாகப் பேசும், இயங்குதளத்தின் மையப் பகுதி) பயன்படுத்துங்கள் என்று கறுப்புத் திரையில் எழுதிவிட்டு அப்படியே நின்றுவிடும். கடையில் காட்டினேன், எடைக்குப் போடச் சொன்னார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பிஏஇ என்பது 32 பிட் பிராசஸரில் 4 ஜிபிக்கு மேல் நினைவகம் பார்க்க உதவும் ஏற்பாடு, என் லேப்டாப்பில் இருப்பதோ 1 ஜிபி. அப்புறம் வேறொரு கணினியில் கெர்னல் மூலநிரலை இறக்கி, மேக் மெனுகான்ஃபிக் என்ற கெர்னல் அமைப்பு மெனுவைத் திறந்து, பிராசஸர் குடும்பம் என்ற இடத்தில் பென்டியம் எம் என்றும், ஹை மெமரி என்ற இடத்தில் 64 ஜிபிக்குப் பதிலாக 4 ஜிபி என்றும் மாற்றினேன், அவ்வளவுதான், பிஏஇ தானாகவே விலகிக்கொண்டது. கம்பைல் செய்து, அதாவது அந்த மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றிப் போட்டதும் லேப்டாப் எழுந்துவிட்டது.

இன்னொன்று, அந்தத் தலைமுறை பிராசஸர்கள் பலவற்றில் பிஏஇ உள்ளே இருக்கிறது, இருப்பதாக வெளியே சொல்வதில்லை, அதனால்தான் கெர்னல் 3.15-இல் பிஏஇ இருப்பதாகவே எடுத்துக்கொள் என்று கணினி தொடங்கும்போதே கெர்னலுக்குச் சொல்லும் ஃபோர்ஸ்பிஏஇ என்ற பூட் விருப்பத்தையே சேர்த்தார்கள். கம்பைல் செய்யத் தெரியாதவர்கள் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.

கணினிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இந்த மெனுவை ஒரு முறையாவது பிள்ளைகளுக்குத் திறந்து காட்டுங்கள். பிராசஸருக்கும் கெர்னலுக்கும் என்ன பேச்சு நடக்கிறது என்பது அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்