கல் லாரி அண்ணாவுக்கு நன்றி

ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையில், தமிழுக்குத் தூரத்து உறவான மால்டோ மொழி பேசும் பகாடியா மக்களிடையே நானும் கணவரும் ஊழியம் செய்கிறோம். மழைக்காலம் வந்தாலே இங்கே மலேரியா பயம்தான். போன ஆவணியில் அவருக்குக் காய்ச்சல் ஏறி, ராத்திரியில் பிதற்ற ஆரம்பித்துவிட்டார். ஊர்ப் பையன்கள் கயிற்றுக் கட்டிலில் மூங்கிலைக் கட்டி, வழுக்கும் பாதையில் தோளில் சுமந்து அடிவாரத்துக்கு இறக்கினார்கள். அங்கே வண்டி எதுவும் இல்லை.

ஜல்லி ஏற்றி வந்த லாரியை நிறுத்தியவர் நீங்கள். கிளீனரைப் பின்னால் ஜல்லி மேல் ஏற்றிவிட்டு, உங்கள் போர்வையை விரித்து அவரைப் படுக்க வைத்தீர்கள். ஆஸ்பத்திரியில் "நோயாளிக்கு நீங்கள் யார்?" என்று கேட்டபோது, கொஞ்சமும் யோசிக்காமல் "எங்க வீட்டு ஆள்" என்றீர்கள். நாம் எல்லாரும் தேவனுடைய பிள்ளைகள் என்று ஊர் ஊராகச் சொல்கிறவள் நான். அந்த வராந்தாவில் அதை எனக்குக் காட்டியவர் நீங்கள்தான். உங்கள் வண்டியில் துர்க்கை படம் இருந்தது. கர்த்தர் அன்றைக்கு உங்கள் கையால்தான் எங்களைத் தாங்கினார் என்று முழு மனதோடு நம்புகிறேன்.

டீசலுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள், பெயரைக்கூடச் சொல்லவில்லை.

அவர் தேறிவிட்டார் அண்ணா. மறுபடி மலையேறிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார். சாயங்கால ஜெபத்தில் அந்தப் பிள்ளைகள் "லாரிக்கார அண்ணன்" என்று உங்களையும் சேர்த்துத்தான் ஜெபிக்கிறார்கள். பர்ஹர்வா பக்கம் லாரி ஓட்டுகிறவர்களைத் தெரிந்த யாராவது இதை அவரிடம் சேர்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட அவர் அவசியம் வர வேண்டும்.