படம் எடுத்தவருக்குப் பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பறக்கும் தட்டுகள் பற்றிய கட்டுரையில், சூரிய வட்டத்தின் மேல் கருப்பாக ஏதோ கடந்துபோகும் பழைய படம் ஒன்றைப் போட்டிருந்தீர்கள். அதன் கீழே 'உலகின் முதல் பறக்கும் தட்டுப் படம், மெக்சிகோ, 1883. இன்றுவரை யாராலும் விளக்க முடியவில்லை. படம்: இணையம்' என்று இருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அந்தப் படத்தை எடுத்தவர் ஹோசே போனியா. சகாதேகாஸ் நகர வான் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர். 1883 ஆகஸ்ட் 12 காலை சூரியப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சின்னச் சின்ன உருவங்கள் சூரியனைக் கடப்பதைக் கண்டார். அன்றும் மறுநாளுமாக 447 எண்ணிக் குறித்தார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைக் கரைசலைப் பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. அந்தப் பாடுபட்ட மனிதருக்கு உங்கள் பக்கத்தில் ஒரு வரி இடமில்லை.

'யாராலும் விளக்க முடியவில்லை' என்பதும் சரியல்ல. 1886-இல் பிரான்சின் 'லாஸ்ட்ரோனோமி' என்ற வானியல் இதழ் போனியாவின் கட்டுரையை வெளியிட்டபோதே, பறவையோ பூச்சியோ தூசியோ ஆக இருக்கலாம் என்று ஆசிரியர் குறிப்பும் சேர்த்தது. 2011-இல் மெக்சிகோ வானியலாளர்கள் சிலர், உடைந்த வால்மீன் ஒன்றின் துண்டுகள் பூமிக்கு மிக அருகே போயிருக்கலாம் என்றார்கள். அதை ஏற்காதவர்களும் உண்டு. அதே நாட்டின் மெக்சிகோ சிட்டி, புவெப்லா ஆய்வுக்கூடங்களில் அந்த உருவங்கள் கண்ணில் படவில்லை என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறது. சூரியனுக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் அங்கேயும் தெரிந்திருக்கும். அப்படியென்றால் கடந்துபோனவை சூரியனுக்குப் பக்கத்தில் இல்லை, நமக்குப் பக்கத்தில்தான் இருந்தன. இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் ஏன் அந்த வரி?

நான் பறவைக் கட்சி. ஸ்டுடியோ வைத்துப் பிழைத்தவன். நீள லென்ஸில் கோபுரக் கலசத்துக்கு போகஸ் வைத்திருக்கும்போது லென்ஸுக்குக் கிட்டே ஒரு புறா குறுக்கிட்டால், பிரிண்டில் புறாவாக விழாது. ஓரம் கரைந்த கருப்புத் திட்டாகத்தான் விழும். சூரியனுக்கு போகஸ் வைத்த தொலைநோக்கியிலும் அதேதான் நடக்கும்.

இதற்கு முன்பும் இப்படித்தான். லாஸ் ஏஞ்சலஸ் படத்தை அட்டையிலேயே போட்டீர்கள். 1942 பிப்ரவரி 25 அதிகாலை, ஜப்பான் விமானம் வந்துவிட்டதென்ற பயத்தில் அமெரிக்கப் படையினர் 1,400-க்கும் மேற்பட்ட குண்டுகளை வானத்தில் சுட்டார்கள். தேடுவிளக்குகளின் ஒளி ஒரே இடத்தில் கூடுகிற படம் அது; அந்த இடத்தில் தெரிவது பறக்கும் தட்டு என்று சொல்பவர்கள் உண்டு. அச்சுக்குப் போகுமுன் அந்த ஒளிக்கற்றைகளில் சிலவற்றை வெள்ளைப் பெயின்டால் அகலமாக்கி, சிலவற்றை அழித்திருக்கிறார்கள். அப்போதைய பத்திரிகைகளில் இது வழக்கம், ஏமாற்று வேலை இல்லை. நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்து முகத்துத் தழும்பை மறைத்த என்னைப் போன்றவர்களுக்கு அது பார்த்ததுமே புரியும். அதையும் அப்போதே எழுதி அனுப்பினேன். 'கட்டுரை அருமை' என்ற முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள்.

அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்து விவசாயி பால் ட்ரென்ட், பறக்கும் தட்டு என்று 1950 மே மாதம் எடுத்த இரண்டு படங்கள் அடுத்த மாதமே 'லைஃப்' பத்திரிகையில் வந்தன. நெகட்டிவ்கள் பல வருஷம் அவர் கைக்குத் திரும்பவில்லை. 1967-இல்தான் ஒரு செய்தி நிறுவனத்தின் கோப்பில் அகப்பட்டன. படங்கள் நிஜமா பொய்யா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தச் சண்டைக்கு மூல நெகட்டிவ்தானே ஆதாரம்? எங்கள் ஊர்த் தேரோட்டத்தை நான் எடுத்த படத்தை ஒரு வார இதழ் வாங்கிப்போய் என் பெயரில்லாமல் போட்டது. நெகட்டிவும் திரும்பவில்லை. கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. ட்ரென்டின் தட்டு எதுவாகவும் இருக்கட்டும், அவருடைய வருத்தம் எனக்குத் தெரியும்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில், 'படம்: ஹோசே போனியா, சகாதேகாஸ், 1883' என்று திருத்தம் போடுங்கள். இனி பழைய படம் எதைப் போட்டாலும் எடுத்தவர் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஸ்டுடியோக்காரர்,
கும்பகோணம்.