பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்: அரையாண்டுக்குப் பிறகு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டு விடைத்தாள்கள் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டன. கோ-கோ போட்டியில் நம் மாணவிகள் நன்றாக ஆடினார்கள். அறிவியல் கண்காட்சியும் ஆண்டு விழாவும் சிறப்பாக நடந்தன. உழைத்த எல்லோருக்கும் பாராட்டுகள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குத் திருப்புதல் தேர்வு பொங்கல் முடிந்ததும் தொடங்கும்.

இனி, உங்களிடம் பேச வேண்டிய விஷயம். சென்ற மாதம் சில பெற்றோரை வகுப்பாசிரியர்கள் போனில் அழைத்து, பிள்ளையை நம் பள்ளி மனநல ஆலோசகரிடம் ஒருமுறை பேசவிடலாமா என்று கேட்டார்கள். பெரும்பாலும் வந்த பதில், "எங்க பிள்ளையா? வீட்டுல சிரிச்சுக்கிட்டேதானே இருக்கா!" என்பதுதான். உங்கள் வியப்பு நியாயமானது. பள்ளியிலும் அவர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள்.

மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்றே நமக்குப் பழகிவிட்டது. இந்த வயதில் அது எரிச்சலாக வரலாம், டாக்டர் பார்த்தும் காரணம் பிடிபடாத தலைவலியாகவோ வயிற்றுவலியாகவோ வரலாம். சிலரிடம் வெளியே எதுவுமே தெரியாது. அப்பா கடன் வாங்கி ஃபீஸ் கட்டுகிறார், அம்மாவுக்கு ஏற்கெனவே ஆயிரம் கவலை, இதில் நானும் ஒரு பாரமா என்று எண்ணுகிற பிள்ளை சிரித்துச் சமாளிக்கத்தான் பார்க்கும்.

ஒரு குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அந்த மாணவியிடம் வகுப்பாசிரியை முதலில் கவனித்தது டிபன் பாக்ஸை. "எனக்குப் பசிக்கலை, நீங்க சாப்பிடுங்கடி" என்று தினமும் தோழிகளுக்குப் பங்கு வைத்துவிட்டு, கதை சொல்லி அவர்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருப்பாள். காலி டப்பாதான் வீட்டுக்குப் போகும். அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அப்புறம் நோட்டு. ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு எழுதுகிற பெண், பல பக்கங்களில் இரண்டு வரியோடு நிறுத்தியிருந்தாள். இப்போது சிகிச்சையில் இருக்கிறாள், பள்ளிக்கும் வருகிறாள்.

எனவே சிரிப்பை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். தூக்கம், சாப்பாடு, பிடித்த விளையாட்டில் ஆர்வம் இவை மாறி இரண்டு வாரம் தாண்டினால் பேசுங்கள். சொந்தக்காரர்கள் முன்னால் வேண்டாம். வண்டியில் போகும்போதோ துணி மடிக்கும்போதோ கேளுங்கள். கேட்டுவிட்டு அறிவுரை சொல்லாமல் கொஞ்ச நேரம் இருங்கள். "நான் இல்லைன்னா உங்களுக்கு நிம்மதி" என்பதுபோல் பிள்ளை சொன்னால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பிள்ளையைத் தனியே விடாமல், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வைத்துவிட்டு, அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் என்ற மனநலத் தொலைபேசி சேவையின் 14416 எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பலருக்கு மனநல ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசும் சிகிச்சையே போதும். சிலருக்கு மாத்திரை தேவைப்படும். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில், ஆலோசகர் அறைக்குப் போன பிள்ளைகள் யார் என்று விசாரித்தும், "மென்டல் கேஸ்" என்று எழுதியும் செய்திகள் வந்தன. அவற்றைப் பிள்ளைகளும் படித்தார்கள். அதற்கு மறுநாள், ஆலோசகரிடம் வருவதாகச் சொல்லியிருந்த ஒரு மாணவன் வரவில்லை. இது இனி ஒருமுறை நடந்தாலும் எழுதியவரை நேரில் அழைத்து விளக்கம் கேட்பேன். ஆலோசகரிடம் போனது டி.சி.யிலோ நடத்தைச் சான்றிதழிலோ ஏறாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உங்களிடம் சொல்வோம். மற்றபடி பிள்ளை பேசியது அந்த அறையோடு சரி.

வகுப்பாசிரியர் அழைத்ததும் தயங்கியபடியே பள்ளிக்கு வந்தாலும் முழுதாகக் கேட்டுவிட்டுப் போன பெற்றோருக்கு மனமார்ந்த நன்றி. அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்த அப்பாக்களும் அதில் உண்டு. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

ஆலோசகர் செவ்வாய், வியாழன் மதியம் இருப்பார். வருவதானால் காரணம் எழுத வேண்டாம், கேட்டில் "ஹெச்.எம்.மைப் பார்க்கணும்" என்று சொன்னால் போதும், நானே அழைத்துப் போகிறேன்.

பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்