அந்தச் சின்தசைசரை விற்க வேண்டாம் மகள்

அன்புள்ள மகள்,

"வித்துடுங்கப்பா, லப்டொப்பிலேயே எல்லாம் செய்யலாம்" என்று சொன்னாய். மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் அந்தக் கட்டைப் பெட்டியை, அந்தச் சின்தசைசரை, நான் விற்கவில்லை. கல்லடிக் கடற்காற்றில் உப்புப் பிடித்தால் குமிழ்களைத் திருப்பும்போது கரகரக்கும் என்று அம்மாவின் பழைய சாரியால் மூடி வைத்திருந்தேன், போன கிழமை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

றேடியோ திருத்தின கை, சும்மா இருக்குமா. ஒலியலையை உண்டாக்கும் ஒசிலேட்டர் ஒன்றைச் சதுர அலையில் வைத்து, ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபடி கூர்மையான ஒலிகளை வடிக்கும் ஃபில்டர் குமிழை மெல்ல மெல்லக் குறைத்தேன். அந்தச் சின்னத் திரையில் அலையின் மூலைகள் மழுங்கி மழுங்கி, கடைசியில் வாவியில் நீர் வளைகிற மாதிரி ஒரு வளைவு மட்டும் மிஞ்சியது. நாற்பது வருசம் காதால் மட்டும் தெரிந்ததைக் கண்ணால் கண்டேன் மகள்.

இந்தச் சின்தசைசர், கோர்க் மினிலோக், 2016இல் வந்தது, ஒரே நேரத்தில் நாலு குரல்தான் ஒலிக்கும், 37 சின்னக் கட்டைகள். ஐந்தாவது கட்டையை அழுத்தினால் முதல் ஒலித்ததில் ஒன்று நின்றுவிடுகிறது, ஆர்மோனியக் கைக்கு அது கொஞ்சம் இடறும். ஆனால் 200 ஒலிகளைச் சேமிக்கலாம். 1970இல் வந்த மினிமூக் என்ற பழைய சின்தசைசரில் அந்த வசதியே இல்லை, குமிழ் நின்ற இடத்தைத் தாளில் குறித்துத்தான் வைத்தார்கள்.

கண்ணகி கோயில் வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை பாடும்போது உடுக்கு அடிப்பவரின் இடக்கையைப் பார்த்திருக்கிறாய்தானே? கயிற்றை இறுக்க இறுக்கச் சுருதி ஏறும், விட இறங்கும். இதிலும் அதுதான், கயிறுக்குப் பதில் வோல்ட்டேஜ் சுருதியை ஏற்றி இறக்கும். லப்டொப்பில் மவுஸால் ஒன்றை இழுப்பதும், பாட்டின் நடுவில் இரண்டு கையாலும் இரண்டு குமிழைத் திருப்புவதும் ஒன்றில்லை. ஸ்டூடியோவில் உனக்கு எது சுகமோ செய், மேடைக்கு இதைக் கொண்டு போ.

ஒன்று சொல்கிறேன், அனலொக் ஒசிலேட்டரின் சுருதி சூட்டுக்கு நகரும். மேடை லைட்டுக்குக் கீழே அரை மணித்தியாலம் முன்னமே போட்டுவிடு, தொடங்க முதல் சுருதியை ஒருக்கா சரிபார்.

சித்திரைக்கு உன் சிநேகிதி வந்து திரும்பும்போது கொடுத்துவிடுகிறேன். அடப்டரை அனுப்ப மாட்டேன், இங்கே 230 வோல்ட், ரொறன்ரோவில் 120. அங்கேயே 9 வோல்ட் அடப்டர் ஒன்று வாங்கு, முனையில் பிளஸ் எது மைனஸ் எது என்று பார்த்து வாங்கு.

அன்புடன்
அப்பா