கூறைப் பட்டின் கரை

அன்பு மகள் செல்விக்கு,

அப்பத்தா கல்யாணப் படத்துக்கான ஆல்பம் பக்கத்தை நேற்று முடித்துவிட்டேன், பாப்பா. கறுப்பு அட்டை, நான்கு ஓரமும் பொன்னிறத்தில் கோபுரக் கரை. அவளுடைய கூறைப் பட்டில் இருந்த அதே கரைதான். பட்டு மடிப்பு மடிப்பாய் இற்றுப்போய்விட்டது. மிச்சமிருந்த முந்தித் துண்டில் கரையைப் படியெடுத்து ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கினேன்.

எனக்கு இது புது வேலை இல்லை. சிவகாசியில் அச்சகத்தில் இருந்தபோது கல்யாணப் பத்திரிகையில் மை காய்வதற்குள் பொடி தூவி, சூடான பெட்டிக்குள் ஓடும் பெல்ட்டில் விடுவோம். பொடி உருகி, மறுமுனையில் எழுத்து புடைத்துக்கொண்டு வரும். இப்போது ஸ்டாம்ப் வைத்த மையின் மேல் பொன்னிறப் பொடி, பெல்ட்டுக்குப் பதில் நீ வாங்கித் தந்த, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்.

ஒன்றை உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை. முதல் பக்கத்தில் தாத்தாவின் மில் படத்தை ஒட்டிவிட்டு, அப்புறம்தான் ஓரத்துக்குச் சூடு காட்டினேன். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் மேல் இருப்பது ஜெலட்டின் பூச்சு. கண்ணெதிரே ஒரு மூலை சுருண்டு வெடித்துவிட்டது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ கொண்டுபோன படங்களுக்கும் வேறு பிரதி கிடையாது. அதனால் ஓர வேலை முழுவதும் முடிந்து, அட்டை நன்றாக ஆறிய பிறகே படத்தை வேலை மேசைக்குக் கொண்டுவா. பசை வேண்டாம், படத்தின் மூலைகளைச் செருகி வைக்கும் மூலைக் காகிதம் போதும். எடுக்க நினைத்தால் எடுத்துவிடலாம். அட்டையும் அமிலம் இல்லாததாக இருக்கட்டும்.

ஆபீஸ் ஸ்டாம்ப் பேடு மை சட்டென்று காய்ந்துவிடும், பொடி பிடிக்காது. இதற்கென்றே விற்கும் பிசுபிசுப்பான மை வேண்டும். டொராண்டோ குளிரில் ஹீட்டர் ஓடும் வீட்டுக் காற்று வறண்டு கிடக்கும். அட்டையில் மின்னேற்றம் ஏறி, வேண்டாத இடத்திலெல்லாம் பொடி ஒட்டிக்கொள்ளும். முதலில் அட்டையில் கொஞ்சம் டால்கம் பவுடரை மெல்லத் தடவித் துடைத்துவிட்டு ஸ்டாம்ப் வை. விரல் பட்ட இடத்திலும் பொடி நிற்கும், அட்டையின் விளிம்பைப் பிடித்தே வேலை செய். மிஞ்சிய பொடியை மடித்த தாளில் தட்டி டப்பாவில் போட்டுவிடு, ஒரு சிட்டிகைகூட வீணாகாது.

ஹீட் கன்னை வேறு பக்கம் பிடித்துச் சூடேறியதும் திருப்பு. குளிர்ந்த காற்று பொடியைப் பறக்கடித்துவிடும். மணல் மாதிரி மங்கலாகத் தெரிவது உருகிப் பளபளப்பாகும் அந்த நொடியில் கையை நகர்த்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று நின்றால் பொடி தாளுக்குள் இறங்கி, புடைப்பும் போய்விடும், பொன்னும் மங்கிவிடும்.

ஆல்பத்தை மூடினால் புடைத்த கரை எதிர்ப்பக்கத்துப் படத்தில் அழுந்தித் தடம் விழும். நம் பழைய ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் சிலந்தி வலைக் கோலம் போட்ட மெல்லிய தாள் இருந்ததே, நீ சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டே இருப்பாய். அது மாதிரி ஒரு தாளை இடையில் வை.

அப்பத்தாவுக்கு இப்போது படங்கள் தெரிவதில்லை. பக்கத்தை மடியில் வைத்து, எதுவும் சொல்லாமல் அவள் விரலை ஓரத்தில் வைத்தேன். ஒரு கோபுரம், இன்னொரு கோபுரம் என்று மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். மூலை திரும்பியதும் நின்று, "இது என் கூறைப் பட்டுல்லடா?" என்றாள்.

அந்தக் கரை ஸ்டாம்ப் உனக்கும் ஒன்று செய்யக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் சித்தி மகன் அங்கே வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். அதுவரை வெறும் அட்டையில் பழகிக்கொண்டிரு.

அன்புடன்,
அப்பா